பூனையும் மண்ணும்

பூனை தன் கழிவை மண்ணிட்டு மூடும் முறையை ஒருமுறையேனும் நின்று நோக்கியவர் அதனை எளிதில் மறவார். புதிதாகக் கொத்திய பாத்தியோ, அடுப்புச் சாம்பல் கொட்டிய குவியலோ, வீடு கட்டுவதற்காகத் தெருவோரத்தில் இறக்கிய மணலோ, எங்கே மண் பொலபொலவென்று இருக்கிறதோ அங்கே அது செல்லும். முதலில் முகர்ந்து பார்க்கும். பின்னர் முன்னங்கால்களால் சிறு குழி ஒன்று பறிக்கும். திரும்பி அக்குழியின்மேல் குந்தும். கழித்து முடிந்தவுடன் மறுபடியும் திரும்பி முகரும், ஒரு காலால் மண்ணை இழுத்து மூடும், மீண்டும் முகரும். நாற்றம் இன்னும் எழுமாயின் மேலும் சிறிது மண்ணை இழுக்கும். அதன்பின் திரும்பிப் பாராமல் நடந்துவிடும்.

இக்காட்சியைக் கண்ட பெரியோர் இதனைச் சிறுவர்க்கு அறிவுரையாக்கினர். "வாயில்லாச் சீவன் கூடத் தன் அசுத்தத்தை மூடுகிறது, உனக்கு என்ன வந்தது?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது தமிழ் வீடுகளில் புதிதன்று. அறிவுரை நல்லதுதான். ஆயின், தூய்மையை விரும்பித்தான் பூனை இதனைச் செய்கிறதா என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு விடை காணப் பூனையையே இன்னும் சற்று உற்று நோக்குதல் வேண்டும்.

சிமெந்துத் தரையின்மேல் கழித்துவிட்ட பூனை என்ன செய்கிறது? அங்கேயும் அது முன்னங்காலால் சுரண்டுகிறது. தரையில் மண் இல்லை, இழுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் சுரண்டுகிறது. சில பூனைகள் அருகிலுள்ள சுவரைச் சுரண்டும். சில, பக்கத்தில் கிடக்கும் துணியை இழுக்கும். கழிவோ திறந்தபடியே கிடக்கும். சுரண்டவேண்டிய அளவு சுரண்டிவிட்டோம் என்னும் நிறைவோடு பூனை போய்விடும். இன்னொன்றும் உண்டு. தனக்கு வேண்டாத உணவைத் தட்டில் கண்டால், அத்தட்டைச் சுற்றியும் இதே போலத் தரையைச் சுரண்டும் பூனைகள் பல. உணவு வைத்தவர் அதனைத் தம் சமையலுக்குக் கிடைத்த இகழ்ச்சியாகக் கொள்வது வழக்கம்! நாற்றம் உடைய ஒரு பொருளை விட்டு நீங்கும்போது கால் தானே மண்ணைத் தேடுகிறது என்பதே இவற்றால் விளங்குகிறது. மூடப்பட்டதா இல்லையா என்று எண்ணிப் பார்த்துச் செய்யும் செயலாக இது தோன்றவில்லை.

இதனைப் பூனைக்கு யார் கற்பித்தார்? தாய் கற்பித்தது என்று பலர் கருதுகின்றனர். பிறந்த முதல் இரண்டு மூன்று வாரங்கள் குட்டியால் தானாகக் கழிக்கவும் இயலாது. தாய்ப்பூனை தன் சொரசொரப்பான நாவினால் குட்டியின் அடிவயிற்றை நக்கி நக்கிக் கழிக்கச் செய்கிறது. வெளிவருவதைத் தானே உண்டுவிடுகிறது. அருவருக்கத்தக்க செயல் என்று மனிதர் நினைக்கலாம். ஆனால், மூட்டைகளின் இடுக்கிலோ பரணின் மூலையிலோ கண்திறவாமல் கிடக்கும் நான்கைந்து குட்டிகளைப் பகைவர் மோப்பம் பிடித்துவிடாமல் காப்பதற்கு வேறு வழி ஏது? ஏறக்குறைய நான்காம் வாரத்தில் குட்டி தள்ளாடி நடக்கத் தொடங்குகிறது. அப்போது நெகிழ்ந்த மண் காலில் பட்டவுடனே அது பறிக்கிறது. தாயை இழந்து, மனிதர் கையால் பால் புகட்டப்பெற்று வளர்ந்த குட்டியும் அவ்வாறே பறிக்கிறது. எங்கே கழிப்பது என்னும் இடத்தைத் தாயிடம் பார்த்துப் பழகலாம். பறிக்கும் பழக்கம் பிறவியிலேயே வந்தது.

பிறவியில் வந்ததெனின், அது முன்னோரிடமிருந்து வந்திருத்தல் வேண்டும். வீட்டுப் பூனையின் முன்னோர் எவர்? பழந்தமிழர் வெருகு என்று வழங்கிய காட்டுப்பூனைகள் நம் நாட்டிலும் உண்டு. எனினும் இன்றைய வீட்டுப்பூனைகள் அவற்றின் வழிவந்தவை அல்ல. உலகெங்குமுள்ள வீட்டுப்பூனைகளின் மரபணுக்களைக் காட்டுப்பூனைகளின் மரபணுக்களோடு ஒப்பிட்டு 2007 ஆம் ஆண்டில் அறிஞர் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் மணல்நிறக் காட்டுப்பூனையே இவை அனைத்துக்கும் மூதாதை என்பது அது. மேற்கு ஆசியாவில் உழவு தோன்றியது, தானியம் குவிந்தது, தானியத்தை நாடி எலி வந்தது, எலியை நாடிப் பூனை வந்தது. சைப்பிரசுத் தீவில் மனிதர் ஒருவரைப் புதைத்த இடத்தின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004 ஆம் ஆண்டில் அகழ்வாய்வாளர் அறிவித்தனர். அக்குழியின் வயது ஏறக்குறைய 9,500 ஆண்டு. அத்தீவில் இயற்கையாகப் பூனை இனம் இருந்ததில்லை. ஆதலின் யாரோ அதனைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்திருத்தல் வேண்டும்.

அந்த மூதாதைப் பூனை வாழ்ந்த நிலம் வறண்டது. மறைந்துகொள்ள அடர்ந்த காடு இல்லை. காலடியில் மணலும் புழுதியும் நிறைய உண்டு. அது எலியையும் பறவையையும் வேட்டையாடியது. அதனையோ நரியும் கழுகும் அதனினும் பெரிய பூனை இனங்களும் வேட்டையாடின. வேட்டையாடியும் வேட்டையாடப்பட்டும் வாழும் சிறு விலங்குக்கு மோப்பமே பெரும்பகை. தான் உறங்கும் இடத்தின் அருகில், குட்டி ஈன்ற வளையின் அருகில், தன் நாற்றம் எழுதல் ஆகாது. கழிவைப் புதைத்தல் அந்நாற்றத்தைத் தடுத்தது. புழுக்களும் நோய்களும் உறைவிடத்தில் பெருகாமலும் ஓரளவு தடுத்திருக்கும். தலைமுறை தலைமுறையாக இப்பழக்கம் உடையவை பிழைத்தன. நம் கொல்லைப் பூனை தன் வாழ்நாளில் ஒரு நரியையும் கண்டிராது. அதன் கால் மட்டும் அந்தப் பழைய பகையை மறக்கவில்லை.

பூனையின் நாற்றம் எளிதன்று என்பதை அதனை வளர்த்தவர் நன்கு அறிவர். அதன் சிறுநீரில் ஃபெலினைன் என்னும் கந்தகம் கலந்த பொருள் ஒன்று உண்டு. காயடிக்கப்படாத ஆண்பூனையிடம் அது மிகுதி. அப்பொருள் சிறிது சிறிதாகச் சிதையும்போது எழும் வாடை மூக்கைத் துளைக்கும். நாள் பல கடந்தும் நிற்கும். மனிதருக்கு இது வெறும் வாடை. மற்றொரு பூனைக்கோ இது ஒரு கடிதம். வந்தது ஆணா பெண்ணா, அயலானா அறிந்தவனா, வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பனவற்றை அது முகர்ந்தே அறிகிறது. சிலபோது பூனை ஓரிடத்தை முகர்ந்துவிட்டு, வாயைச் சற்றே திறந்து, மேலுதட்டை உயர்த்தி, ஏதோ யோசிப்பது போல அப்படியே நிற்கும். மேல்வாயிலுள்ள ஒரு தனி உறுப்புக்கு அவ்வாடையை அனுப்பிப் படித்துக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள்.

கடிதம் என்று சொன்னால், அதனை மறைப்பதும் உண்டு, பலர் காண ஒட்டுவதும் உண்டு. இங்கேதான் தூய்மை என்னும் விளக்கம் முற்றிலும் கைவிடுகிறது. பூனைக் குடும்பத்தின் தலைவனான புலி தன் கழிவை மூடுவதில்லை. முதுமலைக் காட்டிலோ நாகரகொளைக் காட்டிலோ வண்டிப்பாதை வழியே நடப்பவர், பாதையின் நடுவிலும் ஓரத்திலும் புலியின் எச்சம் திறந்து கிடப்பதைக் காணலாம். அருகே பின்னங்கால்களால் மண்ணைக் கீறிய தடமும் இருக்கும். வழியில் வரும் வேறு புலி கண்டு, முகர்ந்து, "இங்கே ஒருவன் இருக்கிறான்" என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே அது அங்கே இடப்பட்டது. காட்டு ஆராய்ச்சியாளர்க்கு இவ்வழக்கம் பெரிதும் உதவுகிறது. அவர்கள் அவ்வெச்சத்தைப் பொறுக்கி, அதிலுள்ள மயிரை ஆராய்ந்து, புலி உண்டது மானா, காட்டெருதா, பன்றியா என்று கணக்கிடுகின்றனர்.

புலி பெரிய விலங்கு, அஞ்சத் தேவையில்லை, ஆகவே மூடவில்லை என்று சொல்லி முடித்துவிடலாமா? அதுவும் இயலாது. வீட்டுப்பூனையே எப்போதும் மூடுவதில்லை. இங்கிலாந்தின் பண்ணைகளில், மனிதரின் மடியில் அல்லாமல் வைக்கோற் கொட்டகைகளில் கூட்டமாக வாழும் பூனைகளை ஆராய்ச்சியாளர் பல நாள் தொடர்ந்து நோக்கினர். உறைவிடத்தின் அருகில் அவை கழிவைப் புதைத்தன. தொலைவில், வேட்டைக்குச் செல்லும் வழிகளிலும் எல்லைகளிலும் பலவற்றைத் திறந்தே விட்டுச் சென்றன. ஆகவே மறைப்பதும் காட்டுவதும் ஒரே பூனையின் இரு வேறு வழக்கங்கள் எனல் தகும். வீடு இருக்கும் இடத்தில் மறைவு. எல்லை இருக்கும் இடத்தில் அறிவிப்பு.

வீட்டுப்பூனை தன்னை வளர்ப்பவரைத் தலைவராகக் கருதிப் பணிவினால் கழிவை மூடுகிறது என்று சிலர் எழுதுகின்றனர். கேட்பதற்கு இனிய செய்திதான். வளர்ப்பவர் உள்ளம் குளிரும். ஆனால், ஆள் அரவமில்லாத தோட்டத்திலும் மூடுகிற பூனை யாருக்குப் பணிகிறது? மனிதர் தம்மிடையே உள்ள உயர்வு தாழ்வுகளைப் பூனையின்மேல் ஏற்றிப் பார்ப்பதைவிட, அதன் மூக்கு வழியே உலகைப் பார்ப்பது மேல்.

நாயோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். நாயும் கழித்தபின் மண்ணை வாரி எறிகிறது. அதனைக் கண்டு, "நாய்க்கு மூடவேண்டும் என்று தெரிகிறது, முறைதான் தெரியவில்லை" என்று நகைப்பவர் உண்டு. நாய் மூட முயல்வதே இல்லை. அது பின்னங்கால்களால் வலிந்து கீறுகிறது, மண் எங்கோ போய் விழுகிறது, கழிவு தொடப்படுவதில்லை. கீறிய தடமும், பாதத்திலிருந்து அங்கே படியும் வாடையும் அடுத்து வரும் நாய்க்கு அறிவிப்பாகின்றன. பூனை முன்னங்காலால் மெல்ல இழுக்கிறது. நாய் அறிவிக்கிறது, பூனை மறைக்கிறது.

பூனை மூடிவிட்டது, ஆகவே தீங்கு நீங்கிவிட்டது என்று மனிதர் எண்ணுவதில் ஓர் இடர் உண்டு. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியை வட ஆப்பிரிக்காவிலுள்ள தூனிசு நகரில், ஒரு கொறிவிலங்கின் உடலில் 1908 ஆம் ஆண்டு கண்டனர். அது மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் எவ்வாறு பரவுகிறது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. ஸ்காட்லாந்தில் ஹட்சிசன் என்னும் ஆராய்ச்சியாளர் பூனையின் கழிவில் அது வெளிவருகிறது என்பதை 1965 ஆம் ஆண்டில் காட்டினார். எலியையோ பறவையையோ தின்ற பூனையின் குடலில் அது பெருகி, கண்ணுக்குப் புலனாகாத முட்டை போன்ற நுண்ணுறைகளாகக் கழிவோடு இறங்குகிறது. பெரும்பாலும் பூனை தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, முதன்முதல் தொற்றும்போது, ஓரிரு வாரங்களோ மூன்று வாரங்களோ இவற்றை வெளியிடுகிறது. இறங்கியவுடன் அவ்வுறைகள் தீங்கு செய்யா. ஒரு நாள் முதல் ஐந்து நாள்வரை கழிந்தபின்னரே அவை நோய் தரும் நிலை அடைகின்றன. அதன்பின் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓராண்டுக்கு மேலும் அவை அழியாமல் இருக்கவல்லன. வெயிலில் கிடந்து உலர்ந்து போகவேண்டியதைப் பூனை தன் கையாலேயே நிழலில் சேமித்து வைக்கிறது என்றால் மிகையாகாது.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் வாழும் கடல் நீர்நாய்கள் இந்நோயினால் இறப்பதை விலங்கு மருத்துவர் கண்டனர். கடலில் வாழும் விலங்குக்குப் பூனையின் நோய் வந்தது எங்ஙனம்? மழைநீர் நிலத்தைக் கழுவிக்கொண்டு ஓடைகளின் வழியே கடலில் சேர்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்தது அந்நீரோடு கடலுக்கும் சென்றுவிட்டது.

உடல்நலம் உடைய பெரும்பாலோருக்கு இத்தொற்று வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கருவுற்ற மகளிர்க்கு அக்காலத்தில் முதன்முறையாகத் தொற்றுமாயின், வயிற்றிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் அது தாக்கக்கூடும். இதைக் கேட்டவுடன் வீட்டுப்பூனையைத் தெருவில் விடுதல் அறியாமை. நன்கு வேகாத இறைச்சியினாலும், கழுவாத காய்கறியினாலும் இதே நோய் வருகிறது. பூனையின் கழிவை நாள்தோறும் எடுத்து அகற்றினால், அது தீங்கு தரும் நிலையை அடையும் முன்பே அகன்றுவிடும். அவ்வேலையைக் கருவுற்றவர் அல்லாத மற்றொருவர் செய்தல் நன்று. தோட்ட மண்ணில் கைவைத்தவர் சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே உணவைத் தொடவேண்டும். சிறுவர் விளையாடும் மணற்குவியலை இரவில் ஒரு சாக்கினாலோ பாயினாலோ மூடிவைத்தல் போதும். பூனை வேறிடம் தேடிக்கொள்ளும்.

மண் இல்லாத மாடிக் குடியிருப்பில் வளரும் பூனைக்கு ஒரு பெட்டி மண்ணே தோட்டம். முற்காலத்தில் அப்பெட்டியில் மணலும் சாம்பலுமே இட்டனர். 1947 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்னும் இளைஞரிடம் அண்டைவீட்டு அம்மையார் ஒருவர் பூனைக்கு மணல் கேட்டு வந்தார். அவர் அதுவரை சாம்பலை இட்டுவந்தார். பூனையோ வீடெங்கும் கரிய அடித்தடம் பதித்தது. லோவிடம் எண்ணெயும் ஈரமும் உறிஞ்சுவதற்காகத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் களிமண் குருணை இருந்தது. நம் பெண்டிர் முகத்தில் பூசும் முல்தானி மட்டியின் இனத்தைச் சேர்ந்தது அது. அதில் சிறிது கொடுத்துப் பார்த்தார். அம்மையார் மீண்டும் அதனையே கேட்டு வந்தார். லோ பத்துப் பைகளில் அதனை நிரப்பி, "கிட்டி லிட்டர்" என்று எழுதி, பை ஒன்று 65 சென்டு என்று கடைக்காரரிடம் கொண்டுபோனார். மணல் மிக மலிவாகக் கிடைக்கும்போது யார் இதனை வாங்குவார் என்று கடைக்காரர் ஐயுற்றார். அப்படியானால் இலவசமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார் லோ. அதைக் கொண்டுபோனவர்கள் பிறகு விலை கொடுத்தும் வாங்க வந்தனர். இன்று உலகெங்கும் நடைபெறும் பெருவாணிகம் இவ்வாறு தொடங்கியது. பூனையை வெளியே விடாமல் ஆண்டு முழுவதும் வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாம் என்னும் எண்ணம் பரவியதற்கு இக்களிமண்ணும் ஒரு காரணம்.

வீட்டுக்குள் வந்த பூனைக்கு ஒரு துன்பமும் வந்தது. ஒருநாள் அது பெட்டியை விட்டுப் பாயிலோ குளியலறை மூலையிலோ கழித்துவிடுகிறது. மூடாமலும் போய்விடுகிறது. அதுவரை "எவ்வளவு சுத்தம்!" என்று புகழ்ந்தவரே இப்போது, "வேண்டுமென்றே செய்கிறது, நம்மைப் பழிவாங்குகிறது" என்கின்றனர். மூக்கைப் பிடித்து அழுத்துவாரும், துடைப்பத்தால் அடிப்பாரும், சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடுவாரும் உண்டு. தூய்மையை அறிந்தே செய்தது என்று முன்னர்க் கொண்ட பிழையின் பயன் இது. அறிந்து செய்வதாயின், செய்யாதபோது அது குற்றம் அன்றோ?

பெட்டி அழுக்காக இருந்தாலும் பூனை அதனை வெறுக்கும். வாசனை ஊட்டிய புதிய களிமண்ணை இட்டாலும் வெறுக்கும். நமக்கு மணமாக இருப்பது அதற்கு நெடியாக இருக்கலாம். பெட்டிக்குப் போகும் வழியில் வேறொரு பூனை காத்திருந்தாலும் போகாது. பல நேரங்களில் காரணம் நோயே. சிறுநீர்ப்பை புண்பட்ட பூனைக்குக் கழிக்கும்போது வலிக்கிறது. அவ்வலி பெட்டியில் இருக்கும்போது வந்ததால், பெட்டியே வலி தருகிறது என்று அது கொள்கிறது; வேறிடம் தேடுகிறது. மேலைநாடுகளில் தட்டுமுட்டுப் பொருள்களைக் கீறாதிருக்கப் பூனையின் நகங்களை விரல்நுனி எலும்போடு வெட்டி எடுக்கும் வழக்கம் இருந்துவந்தது. அவ்வாறு வெட்டப்பட்ட காலால் மணலைப் பறிப்பது நோகாமல் இருக்குமா? நியூயார்க்கு மாநிலம் 2019 ஆம் ஆண்டில் அக்கொடுமையைச் சட்டத்தால் தடுத்தது.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது ஆண்பூனைக்கு வரும் நீரடைப்பு. அதன் நீர்த்தாரை மிகக் குறுகியது. மணல்போன்ற பொருளும் சளியும் சேர்ந்து அதனை அடைத்துவிடுகின்றன. பூனை மண்ணைப் பறிக்கும், குந்தும், முக்கும், ஒன்றும் வாராது. எழுந்து வேறிடம் போய் மறுபடியும் பறிக்கும். வீட்டார் அதனை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுவர். அல்லது கண்ட இடமெல்லாம் குந்துகிறதென்று விரட்டுவர். நச்சுநீர் உடலில் தேங்கி இரண்டு மூன்று நாள்களுக்குள் அது இறந்துவிடக்கூடும். ஆதலின் ஆண்பூனை மீண்டும் மீண்டும் குந்தி, மண் நனையாமல் எழுந்து வருமாயின், விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். அவர் மெல்லிய குழாயைச் செலுத்தி நீரை வெளியேற்றுவார். மறுநாள் அப்பூனை தன் பெட்டியருகே வரும்போது, பழைய மண் அகற்றப்பட்டுப் புதிய மண் இடப்பட்டிருந்தால் அதற்கு அச்சம் சற்றுக் குறையும். முதிர்ந்து மூட்டு நோகும் பூனையானால், பெட்டியின் ஒரு பக்கத்து விளிம்பைத் தாழ வெட்டிவிட வேண்டும்.